இருபது வருடம் கழித்து வரும் புகார்: உரக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



மருந்து அடிக்கிறவர்களுக்கு எழுதாமல் எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அவர்கள் உங்களிடம்தானே கேட்கிறார்கள். இலை பழுத்தாலும் குருத்து காய்ந்தாலும் வரப்பில் கோரை மண்டினாலும் விவசாயி முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். பயிரில் ஒரு பிடி பறித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார். நீங்கள் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை அடிங்க, டேங்குக்கு நாலு மூடி" என்பீர்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார். கையில் காசில்லை என்றால் அறுப்புக்குப் பிறகு தருகிறேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். வேளாண்மை அலுவலர் சொல்லிக் கேட்காதவரும் நீங்கள் சொன்னால் கேட்கிறார். அந்தச் செல்வாக்கை நம்பித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விற்கும் களைக்கொல்லிகளில் ஒன்றான பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கிராமக்சோன் என்ற பெயரில் உலகமெங்கும் போன அதே சரக்குதான் இன்று பல கம்பெனிகளின் பெயர்களில் உங்கள் அலமாரியில் இருக்கிறது. ஊரில் 'புல் மருந்து' என்று சொன்னால் போதும், நீங்களே எடுத்து வைத்துவிடுவீர்கள். இன்று அடித்தால் ஓரிரு நாளில் புல் கருகிவிடும். அந்த வேகத்துக்காகத்தான் அதைக் கேட்டு வருகிறார்கள். இனி அதை உங்கள் அலமாரியில் வைக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் முறை.

பார்க்கின்சன் என்றதும் எல்லோருக்கும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வேறு சில தலைகாட்டிவிடுகின்றன. மலச்சிக்கல் விடாப்பிடியாக இருக்கும். குழம்பு கொதிக்கும் வாசனை தெரியாது. தூக்கத்தில் கத்துவார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பார்கள். பிறகு ஒரு பக்கத் தோள் பிடித்துக்கொள்ளும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கிடக்கும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். முகத்தில் சிரிப்பு குறையும். எழுத்து சிறுத்துக்கொண்டே போகும்.

கடைசியாகச் சொன்னதற்கு உங்கள் கடையிலேயே சாட்சி இருக்கலாம். எங்கள் பக்கத்துக் கடை ஒன்றின் பழைய கடன் நோட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். கூலிக்கு மருந்து அடிப்பவர் ஒருவரின் கையெழுத்து வருடக் கணக்கில் அவற்றில் இருந்தது. பழைய நோட்டுகளில் கட்டத்தைத் தாண்டி, அடுத்த வரியை இடிக்கும்படி போட்டிருந்தார். வருடம் போகப்போக எழுத்துகள் நெருங்கி, கடைசி நோட்டில் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு மேல் வெறும் கோடாகப் போய் முடிந்தது. வயசாகிவிட்டது என்று கடைக்காரர் நினைத்தார். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நோயின் பெயர் தெரிய வந்தபோது அவரால் டேங்கைத் தூக்கி முதுகில் மாட்டவே முடியாத நிலை.

அவருக்குப் புல் மருந்தால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு ஏன் வந்தது என்று எந்த நரம்பியல் மருத்துவராலும் கைகாட்டிச் சொல்ல முடியாது. இந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மூளையின் நடுப்பகுதியில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு இடத்தில் டோபமைன் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு போவதுதான் நோய். ஏன் சாகின்றன என்பதற்குப் பல பதில்கள் உண்டு. முதல் காரணம் வயது. அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். சில குடும்பங்களில் மரபணுக் கோளாறாக இறங்கி வருகிறது. இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து 1997இல் முதல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், பிறகு இன்னும் பல கிடைத்தன. ஆனால் அப்படி நேரடியாக மரபில் வருவது சிறுபான்மைதான். தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். இரும்புச் சாமான்களில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் என்ற ரசாயனம் குடிநீரில் கலந்திருந்த அமெரிக்க மரைன் படை முகாம் ஒன்றில் இருந்த வீரர்களுக்கு, அந்த மாசு இல்லாத முகாமில் இருந்தவர்களைவிட 70 சதவீதம் கூடுதலாக ஆபத்து இருந்ததென்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது.

கடையில் இந்தப் பேச்சு எடுத்தால் "பீடி குடிக்கிறவனுக்கு வராதாமே அண்ணே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். புகைப்பவர்களிடம் இந்த நோய் குறைவாகக் காணப்படுவது உண்மை. காபி குடிப்பவர்களிடமும் அப்படித்தான். ஆனால் நோய் வந்தவர்களுக்கு நிகோடின் பட்டையை ஒட்டிப் பார்த்தபோது நோயின் வேகம் குறையவில்லை. நுரையீரலைக் கொடுத்து இதைத் தவிர்க்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

இத்தனை காரணங்களுக்கு நடுவில் உங்கள் அலமாரி எங்கே வருகிறது? அதற்கு 1982ஆம் வருடத்துக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பகுதியில், இளவயதினர் சிலர் திடீரென்று உறைந்துபோனவர்களாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை. முப்பது வருடம் பார்க்கின்சனோடு இருந்த கிழவர்களுக்குத்தான் அப்படி ஆகும். இவர்களுக்கோ சில நாட்களில் ஆகியிருந்தது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் துருவிப் பார்த்தபோது, எல்லோரும் ஒரே இடத்தில் தயாரான போலி ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. காய்ச்சியவன் செய்த பிசகில் அதில் எம்.பி.டி.பி. என்ற பொருள் சேர்ந்திருந்தது. அது மூளைக்குள் போய் எம்.பி.பி. பிளஸ் என்ற இன்னொரு பொருளாக மாறி, டோபமைன் செல்களைத் தேடிப் பிடித்துக் கொன்றிருக்கிறது. வெளியிலிருந்து உடம்புக்குள் போகும் ஒரு ரசாயனத்தால் இந்த நோயை உண்டாக்க முடியும் என்று அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

இது உங்களைத் தொடுகிற இடத்துக்கு வருகிறேன். அந்த எம்.பி.பி. பிளஸ் ஆய்வுக்கூடத்துக்குப் புதிய சரக்கு இல்லை. அதற்கு முன்பே சைப்பர்குவாட் என்ற பெயரில் அதைக் களைக்கொல்லியாகப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெயரின் பின்பாதியைப் பாருங்கள். பாராகுவாட்டின் ரசாயன அமைப்பு அதற்கு மிக நெருக்கமானது. அமைப்பு நெருங்கியிருப்பதாலேயே வேலையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் செல்லைத் தாக்கும் விதம் வேறு வேறு. பாராகுவாட் புல்லின் இலைக்குள் எப்படிக் கொடிய ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டு அதைக் கருக்குகிறதோ, அதே வழியில்தான் நம் செல்லையும் பாதிக்கிறது. ஆனாலும் அந்த நெருக்கம்தான் ஆராய்ச்சியாளர்களை வயற்காட்டுப் பக்கம் திரும்ப வைத்தது.

திரும்பிப் பார்த்ததில் கிடைத்தது இது. அமெரிக்காவின் அயோவா, வடக்கு கரோலினா மாநிலங்களில் மருந்து அடிக்க உரிமம் பெற்றவர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. பார்க்கின்சன் வந்த 110 பேரையும் வராத 358 பேரையும் ஒப்பிட்டார்கள். பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. ரோட்டனோன் பயன்படுத்தியவர்களுக்கும் அதே இரண்டரை மடங்கு. இந்த ரோட்டனோன் ஒரு கொடியின் வேரிலிருந்து எடுப்பது. இயற்கை மருந்து என்ற பெயரோடு விற்றுக்கொண்டிருந்தது. இயற்கை என்று அச்சடித்திருந்தால் பயமில்லை என்று சொல்லி விற்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் நடந்தது. அங்கே எந்த நிலத்தில் எந்த மருந்தை எப்போது அடித்தார்கள் என்று அரசாங்கத்திடம் பதிவு இருக்கிறது. வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சணக்கொல்லியும் சேர்த்து அடிக்கப்பட்டிருந்தால், அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு ஆபத்து 75 சதவீதம் கூடியிருந்ததாக 2009இல் சொன்னார்கள். டேங்கைத் தொடாமல், பக்கத்தில் குடியிருந்தவர்களின் கணக்கு இது. மானெப்பை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த மேங்கோசெப் உங்கள் கடையில் இல்லாமல் இருக்காது.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. தொடர்பு பலவீனம் என்று சொன்ன பெரிய ஆய்வும் உண்டு. தயாரிப்பாளர்கள் தொடர்பே இல்லை என்கிறார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் அவர்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் பையனிடம் கேட்டால் "நிரூபணம் ஆகலை சார்" என்பார். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு நான் திருப்பிக் கேட்கிறேன்: நிரூபணம் ஆகும்வரை யார் முதுகில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது? கிராமக்சோன் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்தில் 1989இலிருந்தே பாராகுவாட்டுக்கு அனுமதியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கொடுத்திருந்த அனுமதியை 2007இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஆலையில் அது தயாராகி, தம் நாட்டு வயலில் அடிக்கக் கூடாத சரக்காக வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறியது. அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கிய சீனாவும் தன் விவசாயிகளுக்கு அதை நிறுத்திவிட்டது. சந்தேகத்தின் பலனை அவர்கள் தங்கள் மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டு, சரக்கை நமக்கு அனுப்புகிறார்கள்.

"வருஷக்கணக்கா அடிக்கிறாரு, அவருக்கு ஒண்ணும் ஆகலையே" என்று நீங்கள் ஓர் ஆளைக் காட்டுவீர்கள். காட்டலாம். அடித்த எல்லோருக்கும் வராது, பெரும்பாலோருக்கு வராது. நச்சை முறித்து வெளியேற்றும் ஒரு நொதிக்கான மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. அப்படிப்பட்டவர்கள் பாராகுவாட் அடித்தபோது ஆபத்து பல மடங்கு ஏறியதென்று 2012இல் வந்த ஆய்வு சொல்கிறது. உங்கள் கவுன்ட்டரில் வந்து நிற்பவருக்கு அந்த மரபணு இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

பாட்டிலில் ஒட்டியிருக்கும் சாய்சதுரத்தின் கீழ் முக்கோணத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. ஐதராபாத் மேனேஜ் நிறுவனத்தின் ஓராண்டு டிப்ளமோவை வாரம் ஒரு நாள் கடையடைத்துவிட்டுப் போய்ப் படித்தவர்கள் உங்களில் நிறைய பேர். பாராகுவாட்டுக்கு மஞ்சள். அந்த நிறம் எதை அளக்கிறது? எலிக்குக் கொடுத்தால் ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராமில் பாதி எலிகள் சாகும் என்பதை. இன்றைக்கே கொல்லுமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். வருடத்துக்கு நாற்பது டேங்க் வீதம் பதினைந்து வருடம் அடித்தவருக்கு அறுபதாவது வயதில் என்ன ஆகும் என்பதற்கு அந்த நான்கு நிறத்தில் ஒரு நிறமும் கிடையாது. "சிவப்பு இல்லை, மஞ்சள்தான், பயப்படாதீங்க" என்று நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்வது இந்த நோயைப் பொறுத்தவரை அர்த்தமில்லாத ஆறுதல்.

என் மனதை அதிகம் உறுத்துவது காலம்தான். கை நடுங்கத் தொடங்கும்போதே அந்த டோபமைன் செல்களில் பாதிக்கு மேல் போயிருக்கும் என்கிறார்கள். சேதம் அதற்குப் பத்து, இருபது வருடம் முன்பே ஆரம்பித்திருக்கும். விதை முளைக்கவில்லை என்றால் பத்தாம் நாள் உங்கள் கடை வாசலில் சண்டை. மருந்து கேட்கவில்லை என்றால் காலி பாட்டிலோடு வந்து நிற்பார்கள். பயிர் கருகினால் ஊர்ப் பஞ்சாயத்தே வரும். இந்தப் புகார் மட்டும் உங்கள் கடைக்கு வராது. வருகிற காலத்தில் நீங்கள் கடையை மகனிடம் கொடுத்திருப்பீர்கள். அடித்தவருக்கும் என்றைக்கோ அடித்ததையும் இன்று சட்டைப் பொத்தான் போட முடியாததையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை என்பதை இந்தச் சரக்குக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரான்ஸில் 2012இலிருந்து, பூச்சிமருந்தோடு பல வருடம் வேலை பார்த்த விவசாயிக்குப் பார்க்கின்சன் வந்தால் அது தொழில்சார் நோய். இழப்பீடு உண்டு. நம் ஊரில் கூலிக்கு மருந்து அடிப்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நிலக்காரர் பெயரில்தான் பில். அதுவும் பில் போட்டால். இந்த வருடம் எத்தனை பேர் நிலத்தில் எத்தனை டேங்க் அடித்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது. நாளைக்கு இங்கே அப்படியொரு சட்டம் வந்தாலும் நீட்டிக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது.

அவர் வேலை செய்வதைக் கூட நின்று பார்த்திருக்கிறீர்களா? வேட்டியை மடித்துக் கட்டி, பனியனோடு நிற்பார். பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றி அளப்பார். ஊற்றும்போது விரலெல்லாம் வழியும். குச்சி அகப்படவில்லை என்றால் கையை விட்டே கலக்குவார். டேங்கின் வாஷர் தேய்ந்து, முதுகில் கசிந்துகொண்டே இருக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுவார். நடு வெயிலில் ஒரு பீடி, அதே கையால். காலில் கருவேல முள் கிழித்த சிராய்ப்பு. மருந்து உடம்புக்குள் இறங்க அப்படிப்பட்ட தோல் வசதியான வழி. சாயங்காலம் வீட்டம்மா அந்தத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறப்போடுவார். துண்டுத்தாளில் கையுறை, முகமூடி, கண்ணாடி, பூட்ஸ் போட்ட ஒரு மனிதரின் படம் இருக்கும். சித்திரை வெயிலில் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு அரை ஏக்கர் நடந்து பார்க்கச் சொல்லுங்கள், படம் வரைந்தவரை.

கையுறை ஒன்றையாவது மாட்டியிருக்கலாம். நான் முதலில் சொன்ன 2011 ஆய்வில் இருந்தவர்களையே பிறகு கையுறை போட்டவர்கள், போடாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். பாராகுவாட்டால் கூடிய ஆபத்து கையுறை போடாதவர்களிடம்தான் தெரிந்தது. நம் கடைகளில் நைட்ரைல் கையுறை எத்தனை இடத்தில் தொங்குகிறது? நான் கேட்டுப் பார்த்த கடைகளில் ஒரே பதில்தான்: "யாரும் வாங்க மாட்டாங்க சார்." டானிக், குருணை, ஒட்டும் திரவம் என்று கேட்காததையெல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுக்கத் தெரிந்த உங்களுக்குக் கையுறை விற்கத் தெரியாது என்றால் நான் நம்பத் தயாராயில்லை.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படி ஆவதில்லை. அரை நாளில் முடிகிற வேலைக்குப் பத்துப் பேரைத் தேடி அலையச் சொல்கிறாயா என்று விவசாயி கேட்டால் என்னிடமும் சுலபமான பதில் இல்லை. நெல்லுக்குக் கோனோவீடர் இருக்கிறது, வரிசைப் பயிருக்குப் பவர் வீடர், வரப்புக்குப் பிரஷ் கட்டர். வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கின்றன. கேட்ட நாளில் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நீங்களே இரண்டு பிரஷ் கட்டர் வாங்கிப்போட்டு நாள் வாடகைக்கு விட்டால் என்ன? சில கடைக்காரர்கள் ஸ்பிரேயரை வாடகைக்கு விடுகிறார்கள் அல்லவா, அது மாதிரி. புல் மருந்தில் நிற்கிற லாபம் அதிலும் நிற்கும்.

நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவான் என்பது உங்களுடைய அடுத்த வாதம். வாங்குவார்தான். அதனால்தான் இதைத் தனித்தனியாக உங்கள் காதில் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். டார்கெட் முடித்தால் தங்கக் காசு, பாங்காக் பயணம் என்று கம்பெனிகள் ஆசை காட்டுவதும் தெரியும். பாராகுவாட்டை விட்டாலும் டார்கெட் முடிக்க உங்கள் கடையில் ஆயிரம் சரக்கு இருக்கிறது.

நாளைக் காலையிலேயே நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. குவார்ட்டர் பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் பிரித்து ஊற்றிக் கொடுப்பதை நிறுத்துங்கள். அது சட்டப்படியும் குற்றம். குடித்துவிட்டால் மாற்று மருந்தே இல்லாத சரக்கு அது என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் கைக்குக் கிடைக்கும் பாட்டிலில் எப்படி ஊற்ற மனம் வருகிறது? எந்த மருந்து விற்றாலும் கையுறையை அதே பில்லில் சேருங்கள். வேண்டாம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னால் மட்டும் எடுத்து வையுங்கள். வாங்க வந்தவரிடம் "அடிக்கப் போறது யாரு?" என்று கேட்டு, அந்தப் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். பல வருடம் கழித்து அந்த ஒரு வரி அவருக்கு உதவக்கூடும். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வந்தால், ஒரு கை வீசாமல் நடந்தால், "வயசாயிடுச்சு" என்று விடாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். நோயை வேரோடு எடுக்க மருந்தில்லை. ஆனால் லெவோடோபா போன்ற மாத்திரைகளால் பல வருடம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியும்.

இவையெல்லாம் எல்லா மருந்துக்கும் பொது. பாராகுவாட்டுக்கு இவை போதாது. இலங்கை 2008இல் தொடங்கி மூன்றே வருடத்தில் அதை நாட்டை விட்டே வெளியேற்றியது. விஷம் குடித்துச் சாகிறவர்களைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது, சாவும் குறைந்தது. கேரளம் 2011இல் அரசாணை போட்டு நிறுத்தியது. வாளையாறுக்கு அந்தப் பக்கம் தடை செய்த சரக்கு இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. மத்திய அரசு தடை செய்யவில்லை. 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநில அரசுக்குத் தருகிற அதிகாரம் 60 நாள் விற்பனையை நிறுத்திவைப்பது, தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். சில வருடங்களுக்கு முன் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தமிழக அரசு அப்படித்தான் 60 நாள் தடை போட்டது. அந்த ஆறில் பாராகுவாட் இல்லை. நாள் முடிந்ததும் சரக்கு மறுபடி அலமாரிக்கு வந்துவிடும்.

உங்களுக்கு அந்த 60 நாள் கணக்கு கிடையாது. விற்க மாட்டோம் என்று நீங்கள் முடிவெடுத்தால் எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தி விற்க வைக்காது. மாவட்டத்துக்கு மாவட்டம் உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. உர ஒதுக்கீட்டுக்கும் லைசென்ஸ் புதுப்பிப்புக்கும் ஒன்றாகக் கடையடைத்துப் போராடியிருக்கிறீர்கள். பக்கத்துக் கடைக்காரர் விற்பார் என்ற பயம், ஒரு வட்டாரத்துக் கடைகள் எல்லாம் சேர்ந்து நிறுத்தும்போது இல்லாமல் போகிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: எங்கள் வட்டாரத்தில் பாராகுவாட் வாங்குவதில்லை, விற்பதில்லை, இருக்கிற சரக்கைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், மத்திய அரசு இதை நாடு முழுவதும் தடை செய்ய வேண்டும் என்று தமிழக அரசு எழுத வேண்டும். விவசாயச் சங்கங்களும் மருத்துவர்களும் கேட்டால் மனு என்று வாங்கி வைப்பார்கள். விற்கிறவர்களே எங்களுக்கு இது வேண்டாம் என்று கேட்டால் அந்தக் காகிதத்தை அப்படி ஓரங்கட்டிவிட முடியாது.

கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. ஆடிப்பட்டத்துக்கு ஆர்டர் எடுக்கக் கம்பெனிப் பையன் இந்த வாரமோ அடுத்த வாரமோ வருவார். பட்டியலை வாசிக்கும்போது பாராகுவாட் வந்ததும் அதற்கு எதிரில் சுழியம் போடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் இந்த மடலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.